கர்ப்பப்பை ஆபரேஷனும் 'பிளாக்' ஊசியும்: எந்த வலி அடங்கும், எது அடங்காது?

கேள்வி: எனக்கு வயது 46. கர்ப்பப்பையில் பெரிய ஃபைப்ராய்டு கட்டிகள் இருப்பதால், வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. 19 வருடத்துக்கு முன்னால் சிசேரியன் ஆனபோது பட்ட வலி எனக்கு இன்னும் மறக்கவில்லை. அடிவயிற்றில் குறுக்காக இருக்கும் அந்தத் தழும்பின் வலது ஓரம் இப்போதும் சில நாள் சுருக்கென்று எரியும். இந்த முறை ஆபரேஷன் முடிந்ததும் வயிற்றின் இரண்டு பக்கமும் 'நர்வ் பிளாக்' போடுவார்களாம். போட்டால் வலியே இருக்காதா? நரம்பில் ஊசி போட்டால் நரம்பு செத்துப்போகும், கால் வராமல் போய்விடும் என்று அக்கா பயமுறுத்துகிறார். வலியைப் பொறுத்துக்கொண்டால்தான் புண் சீக்கிரம் ஆறும் என்கிறார் மாமியார். முதுகில் போடும் ஊசியே போதாதா? இதையெல்லாம் கேட்டால் 'வலி தாங்காதவள்' என்று நினைப்பார்களோ என்று கூச்சமாகவும் இருக்கிறது.

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

கூச்சத்தை முதலில் விட்டுவிடுங்கள். நான் மயக்கவியல் மருத்துவர். ஆபரேஷன் நடக்கும்போது உங்களை வலி தெரியாமல் வைத்திருப்பது என் வேலையில் பாதி. நீங்கள் கண் விழித்த பிறகு வரும் வலியைப் பார்த்துக்கொள்வது மீதிப் பாதி. அதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் வருகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலையாக இருக்கும். உங்களைப் போலக் கேட்டுவிட்டு வருகிறவர்களுக்கு எங்களால் நன்றாகத் திட்டமிட முடிகிறது.

வலியே இருக்காதா என்று கேட்கிறீர்கள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இருக்கும். பிளாக் சரியாக விழுந்தால் ஒரு வகை வலி வெகுவாகக் குறையும், இன்னொரு வகை அப்படியே இருக்கும். இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போனவர்கள் ஆபரேஷன் அன்று இரவு பதறுவதில்லை என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வயிற்றைத் திறந்து கர்ப்பப்பையை எடுக்கும்போது இரண்டு இடங்களில் காயம் உண்டாகிறது. ஒன்று வயிற்றின் சுவர்: தோல், கொழுப்பு, தசையைப் போர்த்திய உறை, வயிற்றின் உட்புறத்தை ஒட்டியிருக்கும் சவ்வு. இங்கே வரும் வலி கூர்மையானது. 'இதோ இங்கே' என்று விரல் வைத்துக் காட்டலாம். இருமினால், புரண்டு படுத்தால், கட்டிலிலிருந்து எழுந்தால் வெட்டி இழுப்பதுபோல இருக்கும். மற்றொன்று உள்ளே: கர்ப்பப்பையைப் பிடித்து நின்ற தசைநார்கள், தைத்து மூடிய யோனியின் மேல்முனை, அறுவையின்போது ஒதுக்கி வைக்கப்பட்ட குடல். இந்த வலி மந்தமானது, இழுத்துப் பிடிப்பது, மாதவிடாய் வலியைப் போல இடுப்புவரை பரவுவது. எங்கே என்று கேட்டால் உள்ளங்கையை விரித்து அடிவயிறு முழுவதையும் தடவிக் காட்டுவார்கள்.

இந்த இரண்டு வலியும் மூளைக்குப் போகும் பாதைகள் வேறு. வயிற்றுச் சுவரின் வலியைக் கொண்டுபோவது, முதுகுத்தண்டின் கீழ் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் முதல் எலும்பிலிருந்தும் கிளம்பி, விலாப்பக்கமாக வளைந்து முன்வயிற்றுக்கு வரும் நரம்புகள். உள்ளுறுப்புகளின் வலி இடுப்புக் குழியில் வலைபோலப் பின்னிக்கிடக்கும் தன்னியக்க நரம்புகள் வழியாகப் போகிறது. உங்களுக்குச் சொல்லியிருக்கும் ஊசி முதல் பாதையை மட்டும் அடைக்கிறது. பிளாக் போட்ட பிறகும் 'உள்ளுக்குள்ளே பிசைகிறது' என்று நீங்கள் உணர்ந்தால் ஊசி வீண் என்று அர்த்தமில்லை. அந்த வலிக்கு வேறு மருந்து இருக்கிறது, அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

உங்கள் மருத்துவர் சொன்னது அநேகமாக 'டேப் பிளாக்' ஆக இருக்கும். வயிற்றின் பக்கவாட்டில் மூன்று தசைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டாவது அடுக்குக்கும் மூன்றாவது அடுக்குக்கும் நடுவிலுள்ள மெல்லிய இடைவெளியில்தான் மேலே சொன்ன நரம்புகள் ஓடுகின்றன. இந்த இடைவெளியில் மருந்து விடும் முறை 2001இல் ஒரு மருத்துவ இதழில் விவரிக்கப்பட்டது. அப்போது இடுப்பெலும்பைத் தடவிப் பார்த்து, ஊசி அடுக்குகளைத் தாண்டும்போது கையில் உணரும் 'பொட்' என்ற அதிர்வை நம்பித்தான் போட்டார்கள். இப்போது ஸ்கேன் கருவியைப் பக்கவாட்டில் வைத்து, திரையில் ஊசியின் முனையைப் பார்த்தபடியே போடுகிறோம். மருந்து சரியான இடத்தில் இறங்கினால் இரண்டு தசைகளும் விலகி, நடுவில் கருப்பாக ஒரு கண் வடிவம் விரியும். அது தெரிந்தபிறகுதான் பக்கத்துக்கு 15 முதல் 20 மில்லி வரை மெதுவாகச் செலுத்துவோம். பெரும்பாலும் நீங்கள் மயக்கத்தில் இருக்கும்போதே, அல்லது முதுகு ஊசியால் இடுப்புக்குக் கீழே மரத்திருக்கும்போதே போட்டுவிடுவார்கள். ஊசி குத்துவதே உங்களுக்குத் தெரியாது.

முதுகுப் பக்கமாக இன்னும் ஆழத்தில் போடும் ஊசிகளும் உண்டு. முதுகுத்தண்டை ஒட்டிய தசைக்கு அருகே மருந்து விடும் 'கியூ.எல். பிளாக்', அதைவிடப் புதியதாக 2016இல் விவரிக்கப்பட்ட 'எரெக்டர் ஸ்பைனே பிளாக்' ஆகியவை அப்படிப்பட்டவை. மருந்து தண்டுவடத்தின் பக்கமாகக் கொஞ்சம் பரவி உள்வலியையும் சற்றுத் தணிக்கும் என்ற எதிர்பார்ப்பில் இவற்றைப் போடுகிறார்கள். அது எல்லோருக்கும் ஒரேமாதிரி பலிப்பதில்லை. எந்தப் பெயருள்ள பிளாக் என்பதைவிட, அதைப் போடுகிறவருக்கு எது கைவந்தது என்பதுதான் முக்கியம் என்று நான் நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்: வெட்டு எப்படி இருக்கப்போகிறது? கட்டிகள் பெரிது என்கிறீர்கள். சிசேரியன் தழும்பு வழியாகவே குறுக்காகத் திறந்தால் பக்கவாட்டு ஊசி போதும். நெடுக்காக, தொப்புளைத் தாண்டி மேலே போக வேண்டியிருந்தால் அந்த மேல்பகுதிக்கு இது எட்டாது. விலா எலும்பின் ஓரத்தை ஒட்டி இன்னொரு ஊசி வேண்டும், அல்லது முதுகில் மெல்லிய குழாய் வைத்து மருந்து விடும் எபிடியூரல் போன்ற வேறு வழியை யோசிக்க வேண்டும்.

அடுத்து நான் சொல்லப்போவதை நான் ஒரு நோயாளியிடம்தான் கற்றுக்கொண்டேன். பயிற்சி முடித்த புதிதில், உங்களைப் போலவே பயந்து வந்த ஒரு பெண்மணிக்குக் காலையில் பிளாக் போட்டேன். மாலையில் போய்ப் பார்த்தபோது சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். 'வலி இல்லைம்மா, மாத்திரைகூட வேண்டாம்னு சொல்லிட்டேன்' என்றார். எனக்கும் மகிழ்ச்சி, சரி என்று வந்துவிட்டேன். அன்று நடுராத்திரி தாண்டி ஊசியின் வேலை அடங்கியது. உடம்பில் வேறு எந்த வலி மருந்தும் இல்லை. அறை இருட்டாக இருந்தது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செவிலியரை எழுப்பத் தயங்கி, விடியும்வரை தலையணையைக் கடித்துக்கொண்டே கிடந்திருக்கிறார். காலையில் 'திடீர்னு யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி வலி வந்துச்சு' என்று அவர் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை. பிளாக்கை நன்றாகத்தான் போட்டிருந்தேன். அது எப்போது தீரும் என்பதை அவரிடம் சொல்லாமல் விட்டதுதான் என் தவறு.

ஒருமுறை போடும் ஊசி பொதுவாக 8 மணி நேரத்துக்கு மேல், அதிகம் போனால் ஒரு நாள்வரை வேலை செய்யும். ஆளுக்கு ஆள் மாறும். ஆபரேஷன் வலி மிகக் கடுமையாக இருப்பது முதல் ஒன்றிரண்டு நாட்கள். இரண்டையும் கூட்டிப் பார்த்தால், வலி முழுதாக ஓயும் முன்பே ஊசி ஓய்ந்துவிடும் என்பது புரியும். காலை 10 மணிக்குப் போட்டால், அது அடங்குவது பெரும்பாலும் அன்று மாலைக்கும் மறுநாள் விடியலுக்கும் நடுவில் விழும். ஆகவே வலி இல்லாவிட்டாலும் நேரப்படி மாத்திரையை எடுத்தே ஆக வேண்டும். வலி இல்லாதபோது எதற்கு மாத்திரை என்று தோன்றும். ஊசி விலகும் வேளையில் ரத்தத்தில் மருந்து தயாராக இருக்க வேண்டும், அதற்காகத்தான். வலி உச்சிக்கு ஏறிய பிறகு அதை இறக்குவது கடினம்.

எந்த மாத்திரை என்பதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்வார். வழக்கமாகப் பாராசிட்டமால்தான் அடித்தளம். பெரியவர்களுக்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 1 கிராம், 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டக் கூடாது. எடை 50 கிலோவுக்குக் கீழே இருந்தாலோ கல்லீரலில் பிரச்சினை இருந்தாலோ அளவைக் குறைப்பார்கள். அதோடு ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மருந்து ஒன்று சேரும். உள்ளே பிசையும் வலி என்று சொன்னேனே, அதற்கு இந்த வகை நன்றாகக் கேட்கும். மாதவிடாய் வலிக்குக் காரணமான அதே புரோஸ்டாகிளாண்டின் பொருளைத்தான் இவை குறைக்கின்றன. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இந்த வகை மாத்திரையால் மூச்சிரைப்பு வந்த அனுபவம் எதுவாவது இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகளோடு சேர்ந்தாலும் சிறுநீரகத்துக்குச் சுமை ஏறும், எனவே அந்த மாத்திரை எடுப்பவராக இருந்தால் அட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். இவ்வளவுக்கும் மீறி வலி வந்தால் கொடுக்க மார்ஃபின் குடும்பத்து மருந்து தனியாக எழுதி வைக்கப்பட்டிருக்கும். கேட்டால் கொடுப்பார்கள், நீங்கள் கேட்க வேண்டும்.

இனி அக்காவின் பயம். நரம்பு சாகாது. பியூபிவக்கேன், ரோபிவக்கேன் போன்ற மரக்க வைக்கும் மருந்துகள், நரம்பின் மேலுள்ள சோடியம் வாயில்களைக் கொஞ்ச நேரம் அடைக்கின்றன. வாயில் அடைபட்டிருக்கும்வரை வலிச் செய்தி நகராது. ரத்தம் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அடித்துக்கொண்டு போனதும் வாயில் திறந்து, நரம்பு பழையபடி வேலை செய்யும். பல் பிடுங்கும்போது உதடு மரத்துப்போய்ப் பிறகு சரியாகிறதே, அதே கதைதான். அக்காவின் பேச்சு முழுக்க ஆதாரமில்லாதது என்றும் சொல்ல மாட்டேன். இடுப்புக் குழியில் புற்றுநோய் முற்றி, எந்த மருந்துக்கும் அடங்காத வலியோடு இருப்பவர்களுக்கு ஆல்கஹால் அல்லது ஃபீனால் செலுத்தி நரம்பு வலையை வேண்டுமென்றே செயலிழக்க வைக்கும் சிகிச்சை உண்டு. அதையும் பிளாக் என்றே சொல்லிவிடுகிறார்கள். யாரிடமோ அதைக் கேட்டு அக்கா இதோடு முடிச்சுப் போட்டிருக்கலாம். உங்களுக்குப் போடப்போவது அதுவல்ல.

கால் விஷயத்தில் மட்டும் ஒரு துளி உண்மை இருக்கிறது. சில சமயம் மருந்து தசை இடுக்கு வழியாகக் கீழே கசிந்து தொடை நரம்பை எட்டிவிடும். அப்போது முட்டி மடங்கும், தொடையில் மதமதப்பு இருக்கும். சில மணி நேரத்தில் தானாகச் சரியாகிவிடும். அதற்குள் நீங்கள் தனியாக எழுந்து விழுந்துவிட்டால்தான் ஆபத்து. ஆகவே ஆபரேஷனுக்குப் பிறகு முதல்முறை எழும்போது, எவ்வளவு தெம்பாக இருந்தாலும் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். உட்கார்ந்தபடி இரண்டு முட்டியையும் நீட்டிப் பாருங்கள். நீட்ட முடிந்தால் நிற்கலாம். ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டுவது, அரிதாகக் குடலில் ஊசி படுவது போன்றவையும் சொல்லப்பட்டிருக்கின்றன. ஸ்கேனில் பார்த்துப் போடுவதே இவற்றைத் தவிர்க்கத்தான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறவர்களுக்கு ஆழமான ஊசிகள் ஒத்துவராது.

நான் இதைவிடக் கவனமாகப் பார்ப்பது மருந்தின் மொத்த அளவை. கணக்கைக் காட்டுகிறேன், பாருங்கள். பியூபிவக்கேனுக்குக் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்று வரம்பு வைத்துக்கொள்வது வழக்கம். உங்கள் எடை 50 கிலோ என்றால் 100 மில்லிகிராம். 0.25 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம் இருக்கிறது. பக்கத்துக்கு 20 மில்லி, இரண்டு பக்கத்துக்கு 40 மில்லி, ஆக 100 மில்லிகிராம். பிளாக்கிலேயே வரம்பு தீர்ந்துவிட்டது! இதற்குமேல் அறுவை மருத்துவர் 'நானும் தையலில் கொஞ்சம் போடுகிறேன்' என்று ஊசியை எடுத்தால் அளவு மீறும். ரத்தத்தில் மருந்து அளவு ஏறினால் உதட்டைச் சுற்றி ஊசி குத்தும் உணர்வு, நாக்கில் உலோகச் சுவை, காதில் இரைச்சல் வரும். கடுமையானால் வலிப்பும் இதயத் துடிப்பில் தடுமாற்றமும் வரலாம். அதற்கான முறிவு மருந்தாக 20 சதவீதக் கொழுப்புக் கரைசலை அறுவை அரங்கில் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்போம். இது மிக அரிது. என்றாலும் உங்கள் எடையைத் தோராயமாகச் சொல்லாமல், அந்த வாரம் பார்த்த சரியான எடையைச் சொல்லுங்கள். விழித்த பிறகு மேலே சொன்ன மாதிரி ஏதாவது தோன்றினால் உடனே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

முதுகு ஊசியே போதாதா என்று கேட்டது நல்ல கேள்வி. அந்த ஊசியில் என்ன சேர்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில். வெறும் மரக்கவைக்கும் மருந்து மட்டும் என்றால் சில மணி நேரத்தில் விலகிவிடும், அதன்பிறகு பிளாக் கைகொடுக்கும். அதில் 0.1 மில்லிகிராம் அளவுக்கு மார்ஃபின் சேர்த்திருந்தால் கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க, சுவர் வலி, உள்வலி இரண்டையும் தணிக்கும். அப்படிப் போட்டவர்களுக்குப் பிளாக்கால் கூடுதலாகக் கிடைக்கும் பலன் சொற்பம், எனவே இரண்டும் வேண்டும் என்று வற்புறுத்தத் தேவையில்லை. முதுகில் மார்ஃபின் சேர்த்தால் உடம்பு அரிக்கும், குமட்டும், மிக அரிதாக மூச்சு மந்தமாகும். அதனால் இரவெல்லாம் செவிலியர்கள் மூச்சை எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். குமட்டல் உங்களுக்குப் பெரிய தொல்லை என்றால் பிளாக் பக்கம் சாயலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. லேப்ராஸ்கோப்பியில் கர்ப்பப்பையை எடுக்கிறவர்களுக்கு வெட்டு சிறியது என்பதால், துளை போட்ட இடங்களிலேயே மருந்து செலுத்துவது பல நேரம் போதும். பிளாக்கால் பெரிய வித்தியாசம் தெரியாமல் போகலாம். அவர்களுக்கு வரும் தோள்வலி வயிற்றில் நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது, அதற்கு வயிற்று ஊசி எட்டாது. யோனி வழியாகச் செய்யும் அறுவைக்குக் கர்ப்பப்பைக் கழுத்தைச் சுற்றியோ, இடுப்பெலும்பின் முள்ளருகே ஓடும் புடெண்டல் நரம்பிலோ ஊசி போடுவார்கள்.

மாமியார் சொன்னதை மட்டும் தயவுசெய்து கேட்காதீர்கள். அவர் காலத்தில் வேறு வழி இல்லாமல் தாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். வலியோடு படுத்திருப்பவர் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமிச் சளியைத் துப்பமாட்டார். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கித் தொற்று வரலாம். எழுந்து நடக்கமாட்டார், காலில் ரத்தம் உறையலாம். ஆபரேஷன் நடந்த அன்று மாலையோ மறுநாளோ நாலடி நடப்பதற்குத்தான் இந்த ஊசி, இந்த மாத்திரை எல்லாம்.

அதற்காக எல்லா வலியையும் அமுக்கிவிட்டால் போதும் என்று நான் நினைப்பதாக எண்ண வேண்டாம். பிளாக் இருக்கும்போதும், நேரம் ஆக ஆக வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், வயிறு உப்பினால், படபடப்பும் மயக்கமும் வந்தால், சிறுநீர் குறைந்தால், 'ஊசி போட்டிருக்கிறார்களே, சரியாகிவிடும்' என்று காத்திருக்கக் கூடாது. உள்ளே ரத்தக் கசிவு, சிறுநீர்ப் பாதையில் காயம் போன்றவை அப்படித்தான் தலைகாட்டும். மருந்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறவரிடம், 'என்னை ஒருமுறை வயிற்றில் கைவைத்துப் பாருங்கள்' என்று கேளுங்கள்.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்தத் தழும்பு எரிச்சல். உங்கள் கடிதத்திலேயே என்னை நிறுத்திப் படிக்க வைத்தது அதுதான். அடிவயிற்றில் குறுக்காகப் போடும் அந்த வெட்டை 1900இல் ஜெர்மானிய மருத்துவர் ஃபானன்ஸ்டீல் விவரித்தார். அதன் இரண்டு ஓரங்களுக்கும் வெகு அருகில் தொடை இடுக்குக்குப் போகும் இரண்டு சிறு நரம்புகள் ஓடுகின்றன. தையலிலோ தழும்பிலோ அவற்றில் ஒன்று மாட்டிக்கொண்டால், வருடக்கணக்கில் நீங்கள் சொல்கிற மாதிரிதான் எரியும். ஒன்று செய்து பாருங்கள். மல்லாந்து படுத்து, எரியும் இடத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டே தலையையும் தோளையும் மட்டும் தூக்குங்கள். வயிற்றுத் தசை இறுகும்போது வலி கூடினால், அது வயிற்றுச் சுவரிலிருந்து வருகிறது என்று கொள்ளலாம். குறைந்தால் உள்ளே வேறு காரணம் தேட வேண்டும்.

இதை ஆபரேஷனுக்கு முன்பே இரண்டு மருத்துவர்களிடமும் சொல்வது அவசியம். ஏற்கெனவே நாள்பட்ட வலி இருப்பவர்களுக்கு, புதிய அறுவைக்குப் பிறகும் வலி மாதக்கணக்கில் தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். தெரிந்திருந்தால் அறுவை மருத்துவர் அந்த ஓரத்தில் வெட்டையும் தையலையும் பார்த்துப் போடுவார், மயக்க மருத்துவர் அந்த நரம்புக்கென்று தனியாகக் கொஞ்சம் மருந்து ஒதுக்குவார், மொத்தக் கணக்கும் அதற்கேற்ப மாறும். ஆபரேஷன் அன்று காலையில், மயக்க மருந்து கொடுப்பதற்கு முன்பாகவே, எரியும் இடத்தைச் சுற்றிப் பேனாவால் ஒரு வட்டம் போட்டுத் தரச் சொல்லுங்கள். படுத்து மயங்கிய பிறகு அந்த இடத்தை உங்களைத் தவிர வேறு யாராலும் காட்ட முடியாது.